தலைக்கட்டில் வராதவள்

செவந்தி தன் சாவுக்கு நாள் குறித்து வைத்திருந்தாள் என்று சொன்னால் கீரனூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருப்பவள் அவள். எவர்சில்வர் குடத்தைத் தட்டிக் காட்டி, "பேரன் பேத்தி காலம் வரைக்கும் வரும், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி விற்பாள். ஆனால் தன்னைப் பொறுத்தவரை, வருகிற ஆவணிக்கு அப்பால் எதையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. ஆவணியில் அவளுக்கு நாற்பத்து நான்கு முடிகிறது. அவளுடைய அம்மா செத்துப்போனது அந்த வயதில்தான்.

அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் நார்த்தாமலை; அங்கே கண்மாய்க்கரையிலிருந்துதான் அவளைத் தூக்கி வந்தார்கள். புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றப் போனவள், "ஐயோ, தலை வெடிக்குதே" என்று கத்தியிருக்கிறாள். வாந்தி எடுத்து விழுந்தவள் பொழுது சாய்வதற்குள் முடிந்துபோனாள். கரையில் முனி இருக்கிறது, உச்சி வேளையில் தனியாகப் போனால் அடிக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. 'முனி அடிச்சிருச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? அந்த நேரத்தில் இவளை யார் அங்கே போகச் சொன்னது என்று செத்தவள் மேலேயே பழியையும் போட்டார்கள். அதை நினைத்தால் செவந்திக்கு இன்றைக்கும் ஆத்திரம் பொங்கும். பசித்த மாட்டுக்குப் புல் அறுக்கிறவள் உச்சிப் பொழுது பார்த்துக்கொண்டா நிற்பாள்?

போன ஐப்பசியில் அதே மாதிரி தம்பி சோலையப்பன் விழுந்தான். அவன் ஜேசிபி வாடகைக்கு விடுகிறவன். ஆளும் ஏறக்குறைய அந்த இயந்திரத்தைப் போலத்தான். எங்கே போனாலும் சத்தம், எதைத் தொட்டாலும் பெரிய அளவில். அவனும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான், வாந்தி எடுத்தான். அம்மாவுக்குக் கிடைக்காத ஆம்புலன்ஸ் அவனுக்குக் கிடைத்தது. திருச்சியில் டாக்டர் அருள்தாஸ் மண்டையைத் திறந்து, மூளையின் ரத்தக்குழாயில் வீங்கி வெடித்திருந்த இடத்தைக் கிளிப் போட்டு அடைத்தார். சோலையப்பன் பிழைத்து வந்து முனிக்குக் கிடா வெட்டினான், டாக்டருக்கு ஆளுயரக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்தான். காப்பாற்றியது யாரென்று தெரியாதபோது இரண்டு பேரையும் கவனித்துவிடுவது நல்லதுதானே.

ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து செவந்திக்கு ஒரே நினைப்புதான். அம்மா போனாள், தம்பி தப்பினான், அடுத்தது நான். யாரிடமும் வாய் திறக்கவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் இளமதிக்குக் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை இப்போதே எடுத்துப் பரணில் அடுக்கினாள். எந்த மொத்தக் கடைக்காரன் ஏமாற்றுவான், எவன் நம்பகமானவன் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "பச்சப் புள்ளைக்கிட்ட என்னத்தைச் சொல்லிக்கிட்டிருக்கே" என்று கணவன் முனியசாமி சிரிப்பான். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

ஆனி பிறந்ததும் அவளுடைய இடது கண் இமை தொங்க ஆரம்பித்தது. "என்ன, கடையில உக்காந்துக்கிட்டு எனக்குக் கண்ணடிக்கிறியா?" என்று முனியசாமி கேலி செய்தான். தூக்கமில்லை என்று சொல்லி மழுப்பினாள். விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு குடம் இரண்டு குடமாகத் தெரிந்ததை அவனிடம் சொல்லவில்லை. சரக்கு தானாகவே இரட்டிப்பாகிறது என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். சிரித்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் இமையிலிருந்து விரலை எடுத்தாள்.

அந்த வாரத்தில் ஒரு காலையில், எதிரே டீக்கடை முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து வெள்ளை வேட்டிகளாக இறங்கின. எல்லாம் நார்த்தாமலைப் பங்காளிகள். பிச்சை சித்தப்பா முதல் ஆளாகப் பீடியைப் பற்றவைத்தார். கடைசியாக இறங்கிய சோலையப்பன் சாலையைக் கடந்து வந்தான்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடு."

"என்னடா, படை தெரண்டு போகுது? யாரு வீட்டு விசேஷம்?"

"விசேஷமெல்லாம் இல்லக்கா. திருச்சிக்குப் போறோம், தல ஸ்கேன் எடுக்க. எனக்கு வந்தது குடும்பத்துல தொடர்ந்து வருமாம். குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அதான் ஒரு தலைக்கட்டு விடாம எல்லாரையும் ஏத்திட்டேன்."

சோலையப்பனுக்குக் குடும்பம் என்றால் தலைக்கட்டுத்தான். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வரி போடும்போது, கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. கட்டிக் கொடுத்த பெண்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்குப் புருஷன் வீட்டுச் சாமி, புருஷன் வீட்டுத் தீட்டு, புருஷன் வீட்டு வம்சம். பரம்பரையாக அப்படித்தான் எண்ணி வந்திருக்கிறார்கள். டாக்டர் 'குடும்பம்' என்றதும் அவனுக்கு அந்தக் கணக்குத்தான் மனதில் ஓடியிருக்கிறது.

செவந்தி சொம்பை நீட்டிய கையை எடுக்கவில்லை. "அப்ப எனக்கு?"

"ஒனக்கு எதுக்குக்கா? ஒன்னத்தான் கட்டிக் குடுத்தாச்சே." அவன் முகத்தில் அன்பு வழிந்தது. "நீ எங்க குடும்பத்துலேருந்து போயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. நீ தப்பிச்சே, விடு."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவள் வெளியாளாம், அங்கே பீடி ஊதிக்கொண்டிருக்கிற பிச்சை சித்தப்பா குடும்பமாம். அவருடைய தாத்தாவுக்கும் இவர்களுடைய தாத்தாவுக்கும் என்ன உறவு என்று அவருக்கே தெரியாது. நோய்க்குக்கூட நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. செவந்தியிடம் இரண்டும் சேர்ந்து வந்தால் கோபம்தான் ஜெயிக்கும்.

"ஏங்க, கடையப் பாத்துக்குங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "நானும் வாரேன்."

"எடம் இல்லக்கா."

"டிரைவர் பக்கத்துல உக்காந்துக்குறேன். இல்லாட்டி சித்தப்பாவ எறக்கி விடு."

சித்தப்பா அவசரமாகப் பீடியை அணைத்துவிட்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் அருள்தாஸின் அறை வாசலில் வேட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து நர்ஸ், "இங்க எதுவும் பஞ்சாயத்தா?" என்று கேட்டாள். டாக்டர் வெளியே வந்து பார்த்தார். மெலிந்த மனிதர், குரல் மட்டும் பள்ளிக்கூட வாத்தியார் குரல்.

"யாரு இவங்கல்லாம்?"

"நீங்கதான் சார் குடும்பத்தைக் கூட்டியாரச் சொன்னீங்க" என்றான் சோலையப்பன் பெருமையாக.

டாக்டர் முன்னால் நின்றவரைப் பார்த்தார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"பங்காளிங்க."

"அண்ணன் தம்பியா?"

"அண்ணன் தம்பி மொறைதாங்க. எங்க தாத்தாவும் அவுங்க தாத்தாவும் பங்காளி."

அடுத்தவர் அதற்கும் ஒரு தலைமுறை தள்ளி. பிச்சை சித்தப்பாவுக்கு வந்தபோது, "நாங்க ஒரே சாமி கும்பிடுறோங்க" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். டாக்டர் சிரிப்பை அடக்குவதற்காகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சோலையப்பனிடம் திரும்பினார்.

"உங்க அப்பா அம்மா?"

"ரெண்டு பேரும் இல்லைங்க. அப்பா வயசாகிப் போனாரு. அம்மாவ முனி அடிச்சிருச்சு."

"முனி அடிச்சப்ப என்ன ஆச்சு?"

சோலையப்பன் சின்னப் பையனாக இருந்த காலத்துச் சங்கதி அது. அவன் தடுமாறினான். பின்னாலிருந்து செவந்தி சொன்னாள். தலைவலி, கத்தல், வாந்தி, சாயங்காலத்துக்குள் சாவு. சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியது.

"அம்மாவோட கூடப் பொறந்தவங்க?"

"ஒரு பெரியம்மா, திருக்கோகர்ணத்துல. அவுகளும் அடுப்படியில தலவலின்னு விழுந்து செத்தவுகதான். பிரஷர்னு சொன்னாங்க. வேற ஊரு, வேற வீடு, அங்கிட்டு ஏது எங்க முனி? அதனால ரெண்டையும் யாரும் சேத்துப் பாக்கல."

"நீங்க யாரும்மா?"

"இவன் அக்கா."

"சொந்த அக்காவா?" டாக்டர் சோலையப்பனைப் பார்த்த பார்வையில் அவன் ஓர் அடி பின்வாங்கினான். "இத்தன பேர்ல இவங்கள மட்டும் நீங்க சொல்லவே இல்லையே!"

"அவுகள கட்டிக் குடுத்தாச்சுங்க."

"ஏங்க, கட்டிக் குடுத்தா ரத்தமுமா மாறிப்போகும்? இது உங்க அம்மா வழியா வந்திருக்கு. உங்க அம்மாவே வெளியிலேருந்து கட்டிட்டு வந்தவங்கதானே? அப்ப இந்தப் பங்காளிகளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தக்குழாய்ச் சுவர் சில குடும்பத்துல பொறவியிலேயே கொஞ்சம் பலவீனமா இருக்கும். ஒரே ஒரு ஜீன் பண்ற வேலை இல்ல, சின்னச் சின்னதா நெறைய ஜீன் சேந்து பண்றது. அம்மா, பெரியம்மா, நீங்கன்னு மூணு பேர் ஆச்சு. பொம்பளைங்களுக்கு இது இன்னும் கூடுதலா வரும். ஜீனுக்குத் தலைக்கட்டு எல்லாம் தெரியாதுங்க."

வேட்டிகளிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உயிர் தப்பிய நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதில் அதிகம். "வந்தது வந்துட்டோம், ஆளுக்கு ஒரு படமாச்சும் எடுத்துவிடுங்க" என்றார் பிச்சை சித்தப்பா. டாக்டர் படம் எடுக்கவில்லை. எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். பாதிப் பேருக்கு எகிறிக் கிடந்தது, சித்தப்பாவுக்கு எல்லோரையும்விட மேலே. பீடியை விடாவிட்டால் முனி தேவையில்லை, இதுவே போதும் என்று அவரிடம் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

செவந்திக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. தம்பி பேசாமல் நிற்பதைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது, டாக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கண்ணு எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"அதுங்களா? தூக்கமில்ல."

அவர் டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். இமையைத் தூக்கி, விரலை அங்கிட்டும் இங்கிட்டும் அசைத்தார். "எத்தன விரல் தெரியுது?"

பொய் சொல்லத்தான் நினைத்தாள். வாய் வரவில்லை. "ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க."

அவர் நர்ஸைக் கூப்பிட்ட வேகத்திலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது, கடையில் அண்டாக்கள் சரிந்து விழுந்தால் கேட்கிற சத்தம் தலையைச் சுற்றிக் கேட்டது. வெளியே வந்ததும் டாக்டர் அவளையும் தம்பியையும் உட்காரவைத்துத் திரையில் படத்தைக் காட்டினார். வேர் மாதிரி பிரிந்து ஓடும் குழாய்கள், அவற்றில் ஒன்றின் கவட்டில் பட்டாணி அளவில் ஓர் உப்பல்.

"இதுதாங்களா முனி?" என்று கேட்டாள் செவந்தி.

"நாங்க அனியூரிசம்னு சொல்லுவோம். பேர் எதுவா இருந்தா என்ன, எடம் தெரிஞ்சுபோச்சு. இது கண்ணுக்குப் போற நரம்ப அழுத்துது. அதனாலதான் இமை விழுந்திருக்கு. வெடிக்கப் போறேன்னு இது முன்கூட்டியே சொல்லுது. எல்லாருக்கும் இப்படிச் சொல்றதில்ல. நாளைக்குக் காலையில ஆபரேஷன் பண்ணிரலாம்."

"ஆவணி வரைக்கும் தாங்காதுங்களா?"

"ஆவணியில என்ன?"

அப்போதுதான் அவள் உடைந்தாள். இத்தனை மாதமாகக் கணவனிடம்கூடச் சொல்லாததை ஒரு வேற்றாளிடம் கொட்டினாள். அம்மாவின் வயது, பரணில் இருக்கும் சீர்ப் பாத்திரம், இரவில் ஒவ்வொரு தலைவலிக்கும் எழுந்து உட்கார்ந்து மகளைப் பார்த்தது எல்லாம் வந்தன. சோலையப்பன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஜேசிபிக்காரன் அப்படி அழுவான் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "வயசுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. உங்க அம்மா அந்த வயசுல போனாங்கன்னா, அன்னைக்குப் பாக்கறதுக்கு ஆள் இல்ல, மிஷின் இல்ல. அவங்க பண்ணின தப்பு ஒண்ணுமே இல்ல. நடுச்சாமத்துல தூங்கிட்டு இருந்திருந்தாலும் அது வெடிச்சிருக்கும்."

செவந்தி அவரையே பார்த்தாள். முப்பது வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"என் மக?" என்றாள். "அவளுக்கும் குடுத்துட்டேனா?"

"வந்தே தீரும்னு இல்ல. இந்த மாதிரிக் குடும்பத்துல பத்துப் பேரைப் பாத்தா ஒருத்தருக்கு இருக்கலாம், அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்துப் பாப்போம். இல்லைன்னா சில வருஷம் கழிச்சு மறுபடி பாப்போம். இருந்தா, என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும். உங்க அம்மா உங்களுக்கு இதக் குடுத்தப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியாது. உங்க மக தெரிஞ்சுக்கிட்டு இருக்கப் போறா. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா."

வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள், டாக்டர் விடவில்லை. முனியசாமியும் இளமதியும் அடுத்த பஸ்ஸில் ஓடி வந்தார்கள். கண்ணடிக்கிறாயா என்று கேலி செய்தவன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செவந்திக்குப் பயமாக இருந்தது. சாகப்போகிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தபோது வராத பயம், பிழைக்க வழி இருக்கிறது என்றதும் வந்தது. காலையில் தள்ளுவண்டியில் ஏற்றியபோது சோலையப்பன் குனிந்து, "ஒண்ணும் இல்லக்கா. முழிச்சதும் தாகம்தான் எடுக்கும். நான் தண்ணியோட நிக்கிறேன்" என்றான்.

அவன் சொன்னபடிதான் நடந்தது. தாகம் எடுத்தது. நர்ஸ் தண்ணீர் தர அனுமதிக்கவில்லை, சோலையப்பன் பாட்டிலோடு வாசலில் நின்று நர்ஸிடம் சண்டை போட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தான் பிழைத்துவிட்டோம் என்பதே செவந்திக்கு உறைத்தது.

இளமதியின் ஸ்கேனில் எதுவும் இல்லை. திருக்கோகர்ணத்துப் பெரியம்மாவின் மகள் அன்புமொழியைத் தேடிப் பிடிக்க சோலையப்பனே ஆட்டோவில் அலைந்தான். அவளுக்கு மிளகளவில் ஒன்று இருந்தது. இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம், மாத்திரை போட்டுக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். இளமதி பரணில் ஏறிச் சீர்ப் பாத்திரங்களை இறக்கிக் கொண்டுவந்து கடையில் விற்பனைக்கு வைத்துவிட்டாள். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு புது மாடலாக எடுத்துக்கொள்கிறாளாம். செவந்தி திட்டினாள். திட்டும்போதே மனசு குளிர்ந்தது.

ஆவணி வந்தது. நாற்பத்து நான்கு முடிகிற நாளில் காலையிலிருந்து கடையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களுக்கு இட்லிக் கொப்பரையும் தூக்குச் சட்டியும் விற்றாள். பொழுது சாய்ந்தது. முனியசாமி ஷட்டரை இறக்கினான். அவ்வளவுதான். மறுநாள் எழுந்தபோது, அம்மா பார்க்காத ஒரு வயதுக்குள் தான் நுழைந்துவிட்டதை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது, அழைக்காத வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போல.

இமை மெல்ல மெல்ல ஏறியது. ஐப்பசி முடிவதற்குள் கண் நேராகிவிட்டது, ஒரு குடம் ஒரு குடமாகவே தெரிந்தது. ஆபரேஷனுக்காக மழித்த இடத்தில் முடியும் வளர ஆரம்பித்தது.

கார்த்திகையில் ஒருநாள் சோலையப்பன் டீ குடிக்க இறங்கியவன் கடைக்குள் வந்தான். செவந்தி தலையில் அதுவரை போட்டிருந்த முக்காடில்லாமல் உட்கார்ந்து பித்தளை விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் பேச வந்ததை மறந்து அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா முழிக்கிறே?"

"அக்கா, அந்தப் பக்கம் பூராவும் நரைச்சிருச்சு."

"ஆமாடா, வளர்றப்பவே வெள்ளையா வளருது. அசிங்கமா இருக்கு. ஒங்க மச்சான டை வாங்கியாரச் சொல்லித்தான் கடத்தெருவுக்கு அனுப்பியிருக்கேன்."

சோலையப்பன் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவனுடைய குரல் இவ்வளவு சின்னதாகவும் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"வேணாங்க்கா. ஆளு அப்படியே அம்மா மாதிரி இருக்கே. அம்மாவுக்கு நரைச்சு நாம பாத்ததே இல்லையே."

செவந்தி கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தாள். பிறகு அவள் செல்லை எடுத்து முனியசாமியைக் கூப்பிட்டு, டை வேண்டாம், நல்ல சீப்பு ஒன்று மட்டும் வாங்கி வரச் சொன்னாள்.